மொசார்ட்டின் ஏ மைனர் சொனாட்டா – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் மொசார்ட்டின் ஏ மைனர் பியானோ சொனாட்டாவை (மொசார்ட் படைப்புகளின் பட்டியலில் கே. 310) பழகிக்கொண்டிருக்கிறாள். பாரிஸில் தாயை இழந்த துக்கத்தில் எழுதியது, அழுவதுபோல வாசிக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவளும் நிறுத்தி நிறுத்தி, பெடலை அழுத்தி வாசிக்கிறாள். எனக்கு அது உருக்கமாகப் படவில்லை, தொய்வாகத்தான் இருக்கிறது. பெரிய கலைஞர்களின் பதிவுகளில் கோபம் கேட்கிறது. மைனர் என்றால் நம் கீரவாணி மாதிரி சோகம் என்றே நினைத்திருந்தேன். இந்த சொனாட்டாவின் உணர்வு உண்மையில் என்ன?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மொசார்ட்டின் தாய் அன்னா மரியா பாரிஸில் இறந்தது 1778 ஜூலை 3 அன்று. சொனாட்டாவின் கையெழுத்துப் பிரதியில் பாரிஸ், 1778 என்று இருக்கிறது, மாதம் இல்லை. மரணத்துக்கு முன்பு எழுதியதா பின்பு எழுதியதா என்று அதை வைத்துச் சொல்ல வழியில்லை. முதல் பகுதியின் தலைப்பில் அவரே எழுதிய சொற்கள் நமக்குப் போதும்: அலெக்ரோ மாயெஸ்டோசோ. விரைவாக, கம்பீரமாக. உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

மைனரின் ஒரு வகையான ஹார்மோனிக் மைனருக்கும் கீரவாணிக்கும் ஸ்வரங்கள் ஒன்றே. ஆனால் கீரவாணியின் உருக்கம் கமகத்தில் இருக்கிறது. பியானோவில் ஒரு கட்டையை அடித்த பிறகு அந்த ஸ்வரத்தை அசைக்க முடியாது. அங்கே வலியை உண்டாக்க இரண்டு ஸ்வரங்களை மோதவிட வேண்டும்.

முதல் பாரையே (தாளக் கட்டத்தையே) எடுத்துக்கொள்ளுங்கள். இடது கை ஏ, சி, இ சேர்ந்து ஒன்றாக ஒலிக்கும் கார்டை விடாமல் தட்டிக்கொண்டிருக்கிறது. வலது கையின் முதல் ஸ்வரம் இ, அதன் முன்னால் ஒட்டிக்கொண்டு இ-க்கு அரை ஸ்வரம் கீழே இருக்கும் ஒரு சின்ன டி ஷார்ப். கீழே இ ஒலிக்கும்போதே மேலே டி ஷார்ப் விழுந்து உரசுகிறது. இந்தச் சின்ன ஸ்வரத்தின் நீளம் பற்றி இரண்டு தரப்பு உண்டு. என் பரிந்துரை: இடது கை கார்டோடு சேர்த்தே, குறுக்கி, சற்று அழுத்தி வாசிக்கட்டும். தாளத்துக்கு முன்பே தட்டிவிட்டால் உரசல் போய், வெறும் அலங்காரமாகிவிடும். அடுத்து வரும் பார்களிலும் இதே வேலைதான். கீழே ஏ நகராமல் நிற்க, டாமினன்ட் கார்டின் (பஞ்சமத்தின் மேல் கட்டிய கார்டின்) ஸ்வரங்கள் அதன்மேல் வந்து இடிக்கின்றன.

இடிபட வேண்டுமானால் கீழே இருப்பது அசையக் கூடாது. நிறுத்தி நிறுத்தி வாசிப்பதில் உள்ள கோளாறு இதுதான். 1777 அக்டோபரில் ஆக்ஸ்பர்க்கிலிருந்து தந்தைக்கு எழுதிய கடிதத்தில் மொசார்ட், மெதுவான பகுதியில் வலது கை தாளத்தைச் சற்று இழுத்தாலும் இடது கை தாளம் தவறக் கூடாது என்கிறார். மெதுவான பகுதிக்கே அப்படியென்றால் விரைவான இந்தப் பகுதிக்குச் சொல்லவே வேண்டாம்.

மகள் ஒரு வாரம் இடது கையை மட்டும் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 80 அடி வைத்துப் பழகட்டும். கட்டையை முழுக்க மேலே எழ விடாமல், விரல் அதைத் தொட்டபடியே இருக்க வேண்டும். முழுக்க எழுந்தால் மணிக்கட்டு இறுகிவிடும், ஒவ்வொரு கார்டும் சுத்தியலடியாகக் கேட்கும். அன்றைய பியானோவின் ஒலி மெல்லியது, சீக்கிரம் அடங்குவது. இன்றைய பியானோவில் இதே கார்டுகள் தடித்துவிடும். எனவே இடது கை வலதைவிட இரண்டு படி தணிந்தே இருக்கட்டும். பெடல் வேண்டாம், அது உரசல்களை எல்லாம் ஒரே இரைச்சலாக்கிவிடும். பிறகு படிப்படியாக 120, 126 வரை ஏற்றலாம்.

14ஆம் பாரில் காலாண்டோ (தணிந்துகொண்டே) என்ற குறிப்பு வருகிறது. இன்று பலர் அதை வேகத்தையும் குறைக்கச் சொல்வதாக எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே ஒலியை மட்டும் தணித்தால் போதும்.

இந்த சொனாட்டாவின் நெஞ்சு 58ஆம் பாரில் இருக்கிறது. மொசார்ட் எப்போதாவதுதான் எழுதும் இரட்டை ஃபோர்ட்டே (மிக உரக்க) அங்கே நான்கு பார். உடனே நான்கு பார் இரட்டைப் பியானோ, அதாவது மிக மெல்ல. மறுபடி நான்கு பார் உரக்க. இடையில் சரிவே இல்லை, கதவைத் திறந்து மூடுவது மாதிரி. கை தன்னையறியாமல் இறங்குமுகமாக ஒலியைக் குறைக்கப் பார்க்கும், விடக் கூடாது. 61ஆம் பாரின் கடைசி ஸ்வரம் வரை முழு பலம், 62இன் முதல் ஸ்வரத்தில் கிசுகிசுப்பு. இதற்கென்றே அந்த இரண்டு பார்களையும் தனியாக எடுத்து இருபது தடவை வாசிக்கலாம்.

சோகம் எங்கே என்று கேட்டால் நான் காட்டுவது வேறு இடம். 23ஆம் பாரில் சி மேஜரில் (நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்) ஓடத் தொடங்கும் வெளிச்சமான இரண்டாவது கருப்பொருள், பிற்பகுதியில் ஏ மைனரிலேயே திரும்பி வருகிறது. அதே ஓட்டம், அதே விரல் வேலை, வெளிச்சம் மட்டும் போய்விட்டது. எனக்கு இந்தப் பகுதியிலேயே தாங்க முடியாத இடம் அதுதான். அங்கே மகள் எதையும் கூட்ட வேண்டாம். முன்பு சி மேஜரில் எந்த வேகத்தில், எந்தத் தொடுகையில் வாசித்தாளோ அதையே வாசிக்கட்டும்.

எஃப் மேஜரில் இருக்கும் இரண்டாம் பகுதியில் அவள் ஆசை தீரப் பாடலாம், 'உணர்ச்சியோடு' என்று மொசார்ட்டே எழுதியிருக்கிறார். நடுவில் மும்மூன்றாக வரும் கார்டுகளில் பழைய மோதல் திரும்பி வரும்போது மட்டும் தாளத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பகுதி பிரெஸ்டோ (மிக விரைவாக), 252 பார். நடுவே சற்று நேரம் ஏ மேஜர் வருகிறது, அடியில் சுருதிபோல ஒரு ஸ்வரம் நிற்க. அங்கே இளைப்பாறலாம் என்று தோன்றும். வேகத்தை விட்டுவிட்டால் அடுத்து ஏ மைனர் திரும்பும்போது ஓடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.