விலை சொல்வது படத்தின் பின்பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

பழைய எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது வந்ததாம் என்று சொல்லி, பழைய ஃபர்னிச்சர் கடையில் மர்லின் மன்றோ படம் ஒன்றை வாங்கினோம். அமெரிக்க பாப் ஆர்ட் கலைஞர் ஆண்டி வார்ஹோல் வரைந்தது. சதுரமாக, ஒரு பக்கம் 91 செ.மீ. இருக்கிறது. இதே படம் வெளிநாட்டு ஏலத்தில் கோடிக்குப் போனதாக ஒருவர் சொல்கிறார். இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. எதை நம்புவது?
— வாசகி, குன்னூர்

இரண்டுமே உண்மைதான். ஆனால் அவை ஒரே பொருளின் விலைகள் அல்ல. மர்லினின் அந்த முகம் குறைந்தது நான்கு வகையாகப் புழங்குகிறது.

முதலாவது, 1964-இல் கேன்வாஸில் செய்த ஓவியங்கள். அவற்றில் ஒன்றுதான் 2022 மே மாதம் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் சுமார் 19.5 கோடி டாலருக்குப் போனது. அந்தச் செய்தியை உங்கள் படத்தோடு சேர்த்துப் பார்க்கவே வேண்டாம்.

இரண்டாவது, 1967-இல் வார்ஹோலே வெளியிட்ட காகித அச்சு. பத்து நிறச் சேர்க்கைகள் கொண்ட ஒரு தொகுப்பு. ஒவ்வொரு தாளும் 36க்கு 36 அங்குலம், அதாவது 91.4 செ.மீ. சதுரம். 250 தொகுப்புகள் போட்டார்கள். அது போக, A முதல் Z வரை எழுத்திட்ட 26 தொகுப்புகள் கலைஞர் பிரதிகளாக, அதாவது கலைஞர் தனக்கென வைத்துக்கொள்பவையாக, ஒதுக்கப்பட்டன. கையெழுத்து பின்பக்கத்தில் பென்சிலில் இருக்கும். எண்ணை ரப்பர் ஸ்டாம்பால் குத்தியிருப்பார்கள். இதில் ஒரு தாளே நல்ல நிலையில் இருந்தால் ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். பத்துக்குள்ளும் விலை ஒன்றல்ல: பளிச்சென்ற இளஞ்சிவப்புப் பின்னணிக்குப் போட்டி அதிகம், மங்கலான சேர்க்கைகளுக்குக் குறைவு.

மூன்றாவது வகையில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். 1970-இல் ஐரோப்பாவில் 'சண்டே பி. மார்னிங்' என்ற பெயரில் இதே அளவில், இதே ஸ்க்ரீன் பிரிண்டிங் முறையில் (சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி வழியே மையை அழுத்தி அச்சிடுவது) இந்தப் படங்களை அச்சிட்டார்கள். முன்பக்கத்தை மட்டும் பார்த்தால் தேர்ந்த கண்ணும் தடுமாறும். பின்பக்கத்தில் வெளியீட்டாளர் பெயரும், 'உங்கள் கையெழுத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்' என்ற பொருள்படும் ஆங்கில வாசகமும் ஸ்டாம்பாக இருக்கும். 1970-இன் முதல் பதிப்பில் அந்த ஸ்டாம்ப் கறுப்பு மை. பிற்காலத்தில் தொடர்ந்து அச்சிட்டவற்றில் நீல மை. நீல ஸ்டாம்ப் படம் வெளிநாட்டில் சில நூறு டாலருக்குப் புதிதாகவே கிடைக்கும். கறுப்பு ஸ்டாம்புக்கு அதைவிடப் பல மடங்கு கூடுதல் விலை உண்டு. ஆனாலும் 1967 தாளின் பக்கத்தில் அது வராது. இவற்றில் சிலவற்றை வார்ஹோலிடம் நீட்டியபோது, 'இது என்னுடையதல்ல' என்று எழுதி அதன் கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார். அந்தக் கையெழுத்துக்காகவே அந்தப் பிரதிகளைத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

நான்காவது, போஸ்டர். இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் ஓடியது. அலங்காரம் என்பதற்கு மேல் விலை இல்லை.

ஆகவே படத்தை பிரேமிலிருந்து எடுத்துப் பார்க்காமல் யாரும் விலை சொல்ல முடியாது. சுத்தமான பருத்தித் துணியை மேசையில் விரித்து, கண்ணாடி கீழே இருக்கும்படி பிரேமைக் கவிழ்த்து வையுங்கள். பின்னால் உள்ள ஹார்ட்போர்டைப் பிடித்திருக்கும் ஆணிகளைக் குறடால் ஒவ்வொன்றாக நேராக இழுங்கள். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் தாளின் ஓரம் கிழியும். போர்டைத் தூக்கும்போது தாளும் கூடவே வந்தால் அது ஒட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அங்கேயே நிறுத்திவிடுங்கள், பிரித்துப் பார்க்க முயல வேண்டாம். தாள் தனியாக இருந்தால் நான்கு பக்கத்தையும் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து எழுதுங்கள். 91.4-க்கு ஒரு செ.மீ. குறைந்தாலும், பழைய பிரேமில் அடக்குவதற்காக யாரோ வெட்டியிருக்கலாம். அசலாகவே இருந்தாலும், வெட்டிய தாளுக்கு மதிப்பு பெருமளவு சரியும்.

ஸ்க்ரீன் பிரிண்டா, ஆஃப்செட்டா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?
— வாசகர், உதகமண்டலம்

முடியும். நகைக்கடையில் கல் பார்க்கிற 10 மடங்கு லென்ஸ் ஒன்று போதும். ஒரே நிறமாகத் தெரியும் இடத்தை, உதாரணமாக உதட்டையோ பின்னணியையோ பாருங்கள். ஆஃப்செட்டில், அதாவது போஸ்டரும் பத்திரிகையும் அச்சாகும் இயந்திர முறையில், அது நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாக, சின்னச் சின்னப் பூ வடிவில் உடைந்து தெரியும். இங்க்ஜெட் என்றால் ஒழுங்கில்லாத மிக நுண்ணிய தூறல். ஸ்க்ரீன் பிரிண்டில் அந்த இடத்தில் புள்ளியே இருக்காது. மை ஒரு படலமாகத் தாளின் மேல் உட்கார்ந்திருக்கும். புகைப்படத்துக்கு ஒரு ஸ்க்ரீன், கூந்தல், முகம், உதடு என்று நிறப்பகுதிகளுக்குத் தனித்தனி ஸ்க்ரீன் என்பதால், ஒரு நிறம் இன்னொன்றின் மேல் ஏறும் விளிம்பில் லேசான மேடு தெரியும். டார்ச் விளக்கைத் தாளுக்குப் பக்கவாட்டில், மேசை மட்டத்தில் பிடித்தால் அந்த மேடு நிழல் போடும். முகத்தின் நிழல்களைக் காட்டும் புகைப்படப் பகுதியில் இருக்கும் புள்ளிகளைப் பார்த்து ஆஃப்செட் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்; அந்த ஸ்க்ரீனில் ஒரே நிறப் புள்ளிகள் இருப்பது இயல்பு.

ஆனால் 'ஸ்க்ரீன் என்றால் விலை, ஆஃப்செட் என்றால் குப்பை' என்ற கணக்கும் தவறு. இன்னொரு அமெரிக்க பாப் ஆர்ட் கலைஞரான ராய் லிக்டென்ஸ்டைனின் 'அழும் பெண்' (1963) ஆஃப்செட் லித்தோகிராஃப்தான். நியூயார்க்கின் லியோ காஸ்டெல்லி காலரி தன் கண்காட்சியை அறிவிப்பதற்காக அச்சிட்டது. வார்ஹோலின் 1964 'பூக்கள்' அச்சும் ஆஃப்செட்தான், 23 அங்குலச் சதுரம். இரண்டுக்கும் இன்று நல்ல விலை உண்டு. கலைஞர் காலத்தில், அவர் சம்மதத்தோடு, எண்ணித் தெரிந்த அளவில் அச்சானதா என்பதே கேள்வி. வார்ஹோல் இறந்தது 1987-இல். அதற்குப் பின் அச்சான தாளில் அவர் கையெழுத்து இருந்தால் அது கையெழுத்தே அல்ல. பென்சில் கோடு என்றால் சாய்ந்த வெளிச்சத்தில் கிராஃபைட்டின் மினுமினுப்பு தெரியும். படத்தோடு சேர்ந்து அச்சான கையெழுத்தில் அது தெரியாது.

12/250 (250 பிரதிகளில் 12-ஆவது) என்ற எண்ணுள்ள பிரதி, 212/250-ஐவிட விலை கூடுமா?
— வாசகர், கொடைக்கானல்

ஸ்க்ரீன் பிரிண்டில் கூடாது. செப்புத் தகட்டில் கீறி அச்சிடும் முறையில் தகடு தேயும், அதனால் முதல் பிரதிகளுக்கு மவுசு. ஸ்க்ரீனில் அப்படித் தேய்மானம் தெரியாது; தவிர, அச்சான வரிசையில்தான் எண் போட்டார்கள் என்ற உத்தரவாதமும் இல்லை. 12-ஆம் எண்ணுக்குக் கூடுதல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மழைக்காலத்தில் படத்தில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. ஒரு மூலை கண்ணாடியோடு ஒட்டியும் இருக்கிறது. பிரேம் கடைக்காரர் துடைத்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?
— வாசகி, கோத்தகிரி

தயவுசெய்து கொடுக்காதீர்கள். அசலான இரண்டு தாள்களுக்கு இடையே விலை பாதியாகக் குறைவது பெரும்பாலும் இப்படிப்பட்ட 'துடைப்பில்'தான்.

உங்கள் ஊரில் அக்டோபர், நவம்பர் மழையும் அதன் பின் வரும் மூடுபனியும் காகிதத்துக்குக் கெட்ட காலம். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூசணம் பூக்கத் தொடங்கும். வெளிச்சுவர் குளிர்ந்திருப்பதால் பிரேமுக்குள் நீர் கோக்கிறது. கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் மை இளகி ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய மூலையை இழுத்தால் மை கண்ணாடியோடு போய்விடும். பிரேமைக் கழற்றாமல், படுக்க வைத்து, உலர்ந்த அறையில் விடுங்கள். பிரித்தெடுப்பது காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரின் வேலை.

கண்ணாடியில் ஒட்டாத மற்ற படங்களில் பூசணம் தூளாக இருந்தால், மாஸ்க் போட்டுக்கொண்டு, மென்மையான உலர்ந்த பிரஷ்ஷால் வெளிப்புறமாகத் தள்ளலாம். மை படிந்த இடத்தைத் தொடக் கூடாது. ஈரத்துணி, பிளீச்சிங், டெட்டால் எதுவும் வேண்டாம். வெயிலில் காயவைப்பது அதைவிடக் கேடு: இந்தப் படங்களின் ஒளிரும் நிறங்கள் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், போன நிறம் திரும்பாது.

மறுபடி பிரேம் போடும்போது நான்கு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். அமிலமில்லாத மவுண்ட் போர்டு. கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே குறைந்தது 5 மி.மீ. இடைவெளி. செலோ டேப்பும் ஃபெவிகாலும் இல்லாமல், தாளை அட்டையோடு பிடிக்க, கோதுமை மாவுச்சத்துப் பசையில் ஜப்பானியக் காகிதக் கீல். பிரேமின் கீழ் மூலைகளில் கார்க் துண்டு, சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்றோட. மாட்டுவது உள்சுவரில்தான் இருக்க வேண்டும். பழைய பங்களாக்களில் கணப்புக்கு மேலே படம் மாட்டும் வழக்கம் பார்க்க அழகு. காகிதத்துக்கு அதைவிட மோசமான இடம் வீட்டில் கிடையாது. பகலில் சூடு, விடியலில் குளிர், நடுவில் புகைக்கரி. பின் அட்டையைச் சுற்றிலும் டேப்பால் மூடிவிட்டால் ராமபாணப் பூச்சியும் நுழையாது.

விற்றவர் 'அசல்' என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறார். போதுமா?
— வாசகர், குன்னூர்

போதாது. விற்பவர் தானே அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழுக்கு மதிப்பே இல்லை. வார்ஹோல் படங்களைப் பரிசோதித்து முத்திரையிட்டு வந்த குழுவும் 2012-இல் கலைக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பின் தேதியிட்டு அந்தக் குழுவின் பெயரில் யாராவது தாள் நீட்டினால் விலகிவிடுங்கள்.

சான்றிதழைவிட உதவுவது கைமாறிய வரலாறு: முதலில் வாங்கிய காலரியின் ரசீது, பிரேமின் பின்னால் ஒட்டிய பழைய லேபிள், ஏலப் பட்டியலில் இருந்த எண். அந்த லேபிளைக் கிழித்துப் போட்டுப் புது அட்டை அடித்துத் தருவதுதான் கடைகளின் வழக்கம். பழைய அட்டையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆறு புகைப்படங்கள் எடுங்கள்: முன்பக்கம் முழுதும், பின்பக்கம் முழுதும், கையெழுத்து, எண் அல்லது ஸ்டாம்ப், ஒரு மூலை, சேதமுள்ள இடம். மேகமூட்டமான பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், அருகில் ஸ்கேல் வைத்து எடுக்க வேண்டும். பெரிய சர்வதேச ஏல நிறுவனங்களின் பிரிண்ட்ஸ் பிரிவுக்கு இவற்றை இணையம் வழியே அனுப்பலாம். முதல்கட்ட மதிப்பீட்டுக்கு அவர்கள் கட்டணம் வாங்குவதில்லை.