உப்புநீர்த் தொட்டியில் நைட்ரேட் இறங்கவில்லையா? போர் தண்ணீரையும் சோதியுங்கள்

கேள்வி: ஏரல் பக்கம் வாழைத் தோட்டத்து வீட்டில் 2 அடி கண்ணாடித் தொட்டி வைத்து ஒரு ஜோடி நீமோவும் (கோமாளி மீன்) 2 டேம்சல் மீனும் வளர்க்கிறேன். கடல் தண்ணீரைப் புன்னைக்காயலில் இருந்து கேனில் கொண்டுவருகிறேன். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியம். நைட்ரேட் மட்டும் 80 பிபிஎம் (லிட்டருக்கு 80 மில்லிகிராம்). வாரம் 5 லிட்டர் மாற்றியும் அதே 80தான் காட்டுகிறது. வற்றும் அளவுக்குத் தினமும் போர் தண்ணீர் ஊற்றுகிறேன். தீவனம் பெல்லட்டும் நறுக்கிய இறாலும். நைட்ரேட்டைக் குறைத்தால் ஜோடி முட்டை வைக்குமா?

பதில்: அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியத்தில் இருப்பதால் உங்கள் ஃபில்டரில் பாக்டீரியா நன்றாகவே வேலை செய்கிறது. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்குவதோடு அதன் வேலை முடிந்துவிடும். அதற்கு மேல் நைட்ரேட்டை நாம்தான் வெளியே எடுக்க வேண்டும்.

உங்கள் கணக்கையே கொஞ்சம் பார்ப்போம். 2 அடிக்கு 1 அடி தொட்டியில் மணலும் கல்லும் போக 50 லிட்டர் தண்ணீர் இருக்கும். வாரம் 5 லிட்டர் மாற்றினால் பத்தில் ஒரு பங்கு, அதாவது 8 பிபிஎம் வெளியே போகிறது. அப்படியும் அளவு 80-லேயே நிற்கிறது என்றால், வாரத்துக்கு அதே 8 பிபிஎம் எங்கிருந்தோ உள்ளே வருகிறது. அது வரும் வழியை அடைக்காமல் தண்ணீரை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் உழைப்புதான் வீண்.

எனக்கு முதல் சந்தேகம் போர் தண்ணீர் மேல்தான். வாழைக்கு யூரியா போடும் நிலத்தில் நைட்ரேட் நிலத்தடி நீரில் இறங்குவது சகஜம். தொட்டியில் இருந்து ஆவியாவது வெறும் தண்ணீர்தான், நைட்ரேட் அப்படியே தங்கிவிடும். உங்கள் போரில் 20 பிபிஎம் இருந்து, தினம் 1 லிட்டர் ஊற்றினால் வாரத்துக்கு 3 பிபிஎம் ஏறுகிறது. 45 பிபிஎம் என்றால் (குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணய வரம்பே அதுதான்) 6 பிபிஎம் ஆகிவிடும். கையில் கிட் இருக்கிறதே, இன்றைக்கே போர் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். நன்னீருக்கும் கடல்நீருக்கும் வண்ண அட்டை தனித்தனியாக இருந்தால் சரியானதைப் பாருங்கள். கிட் 'நைட்ரேட்-நைட்ரஜன்' அளவைக் காட்டும் வகை என்றால் 4.4-ஆல் பெருக்க வேண்டும். போரில் நைட்ரேட் இருப்பது உறுதியானால் வற்றுவதற்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், மழைநீர் சேமித்திருந்தால் அதுவும் சரி. ஈடு செய்ய உப்புத் தண்ணீர் ஊற்றவே கூடாது, உப்பு ஏறிவிடும்.

அடுத்தது தீவனம். 45 சதவீதப் புரதம் உள்ள பெல்லட் 1 கிராம், மீன் உடம்பில் சேர்வது போக, உங்கள் தொட்டியில் கடைசியில் 4 முதல் 5 பிபிஎம் நைட்ரேட்டாக மாறும். இது பெரும்பாலானவர்களுக்குத் தெரிவதில்லை. நான்கு சிறு மீன்களுக்கு விரல் நுனியில் ஒட்டும் அளவே ஒரு வேளைக்குப் போதும். போட்டதும் அங்கேயே நின்று பாருங்கள்: மீன் துப்பிய துண்டும், கல் இடுக்கில் இறங்கிய துண்டும் மறுநாள் வெள்ளைப் பஞ்சு மாதிரி பூஞ்சை பிடித்திருக்கும். இறாலை நறுக்கியதும் நல்ல தண்ணீரில் அலசி, அந்தச் சாற்றைக் கீழே கொட்டிவிட்டுக் கொடுங்கள்.

ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பிழிந்தால் காப்பிக் கலரில் வருவதெல்லாம் நைட்ரேட்டாக மாறக் காத்திருக்கும் கழிவு. 10 நாளுக்கு ஒருமுறை, தொட்டியில் இருந்து எடுத்த பழைய உப்புத் தண்ணீரிலேயே அலசுங்கள். போர் தண்ணீரில் அலசினால் பாக்டீரியா சாகும். மணலை ஒரு வாரம் இந்தப் பாதி, அடுத்த வாரம் அந்தப் பாதி என்று குழாய் விட்டு உறிஞ்சி எடுங்கள்.

புன்னைக்காயல் தண்ணீர் வேண்டாம். தாமிரபரணி கடலில் சேரும் இடம் அது. வயல் உரமும் ஊர்க் கழிவும் ஆற்றோடு வரும், உப்பும் ஒரே அளவில் நிற்காது. ஆறு, ஓடை, இறால் பண்ணை வடிகால் எதுவும் கலக்காத இடத்தில், முடிந்தால் படகுக்காரரிடம் சொல்லி உள்ளே இருந்து எடுத்து வாருங்கள்.

இருக்கிற 80-ஐ ஒரே நாளில் இறக்க நினைக்காதீர்கள். 15 லிட்டர் மாற்றினால் 56, நான்கு நாள் கழித்து இன்னொரு 15 லிட்டர் மாற்றினால் 40-க்குக் கிட்ட வரும். இன்னொரு முறை மாற்றினால் 28. புதுத் தண்ணீரின் சூடும் உப்பும் தொட்டியோடு ஒத்திருக்க வேண்டும், அடர்த்தி 1.023 முதல் 1.025-க்குள் நிற்கட்டும். அதன்பின் வாரம் 10 லிட்டர். உள்ளே வருவதை வாரம் 3 பிபிஎம்-க்குக் குறைத்துவிட்டால், அளவு 15 பக்கம் நின்றுவிடும். இந்த மீன்களுக்கு 20-க்குள் இருந்தால் நல்லது. கடல் சாமந்தி (அனிமோன்) சேர்ப்பதாக இருந்தால் 10-க்குக் கீழே கொண்டுவந்த பிறகே சேர்க்க வேண்டும்.

கூடுதலாக ஒரு வழி, பாசி. கஞ்சிப்பாசி ஒரு கைப்பிடியைக் கடல் தண்ணீரில் உதறி அலசி, ஓரத்தில் சிறு வலைப்பெட்டியில் வைத்து மேலே எல்இடி விளக்கை 10 மணி நேரம் எரிய விடுங்கள். அது வளர நைட்ரேட்டை எடுத்துக்கொள்ளும். வளர்ந்ததை வெட்டி வெளியே எறிந்தால்தான் பலன். உள்ளேயே அழுகினால் எடுத்தது முழுக்கத் தண்ணீருக்கே திரும்பிவிடும். சர்க்கரை, வோட்கா ஊற்றும் முறையைப் பலரும் சொல்வார்கள். ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி வெளியே எடுக்கும் கருவி) இல்லாத 50 லிட்டரில் பாக்டீரியா பெருகி ஆக்சிஜன் விழுந்து, ஒரே ராத்திரியில் மீன் போய்விடும். வேண்டவே வேண்டாம். நைட்ரேட் குறையும் என்று கடலில் இருந்து பவளக்கல் எடுத்துவருவதும் கூடாது. பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. பாக்டீரியா ஒட்டி வளர ஃபில்டரில் செராமிக் வளையமே போதும்.

முட்டை விஷயம்: நைட்ரேட் குறைவது மட்டும் போதாது. ஜோடி முதிர்ந்திருக்க வேண்டும், தண்ணீர் 26 முதல் 28 டிகிரியில் ஆடாமல் நிற்க வேண்டும், டேம்சல் துரத்தாமல் இருக்க வேண்டும். டேம்சலை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். தீவனமும் பாதியாகக் குறையும். அப்புறம் ஒரு சிறிய மண் சட்டியைக் கவிழ்த்து வையுங்கள், ஜோடி அதைக் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்ய ஆரம்பித்தால் முட்டை நெருங்குகிறது என்று அர்த்தம். முட்டை ஒரு வாரம், பத்து நாளில் இருட்டிய பிறகு பொரியும். குஞ்சுக்கு முதல் உணவு ரோட்டிஃபர் என்ற மிகச் சிறிய மிதவை உயிரி, அதை முன்கூட்டியே வளர்த்து வைத்திருக்க வேண்டும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையம் இந்த மீன்களின் குஞ்சு உற்பத்தியில் அனுபவம் உள்ள இடம். சட்டி வைப்பதற்கு முன்பே அங்கே ரோட்டிஃபர் பற்றிக் கேட்டுவிடுங்கள்.