தியானம், மறுபிறவி, மூளை: சந்தேகப் பேர்வழிகளின் கேள்விகள்

கேள்வி: "எதையும் நம்பாதே. நானே சொன்னாலும், உன் அறிவுக்கு ஒத்து வந்தால் மட்டும் ஏற்றுக்கொள்" என்று புத்தர் சொன்னாராமே? அப்படியானால் அவர்தான் முதல் பகுத்தறிவாளர், இல்லையா?

பதில்: அந்த வாசகம் அந்த வடிவில், புத்தரின் பேச்சுகளைத் தொகுத்த பாலி மொழி நூல்களில் இல்லை. அவற்றில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் உள்ள காலாம சூத்திரத்தை யாரோ தன் வசதிக்குச் சுருக்கியது அது. மூலக்கதை இதுதான்: கேசபுத்தம் என்ற ஊரில் வாழும் காலாமர்கள் புத்தரிடம் முறையிடுகிறார்கள். வந்து போகிற துறவிகள் எல்லாரும் தங்கள் கொள்கையைத் தூக்கிப் பிடிக்கிறார்கள், அடுத்தவர் கொள்கையைக் கிழித்துத் தொங்கவிடுகிறார்கள். யார் சொல்வது உண்மை?

புத்தர் பத்து விஷயங்களைச் சொல்லி, இவற்றை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள் என்கிறார். செவிவழிச் செய்தி, பரம்பரை வழக்கம், சாத்திரம், 'இவர் நம் குரு' என்ற மரியாதை எல்லாம் அதில் உண்டு. இதுவரை பகுத்தறிவு நண்பர்கள் கைதட்டுவார்கள். ஆனால் அதே பட்டியலில் வெறும் தர்க்கமும் இருக்கிறது, அனுமானமும் இருக்கிறது, 'நான் ஏற்கெனவே யோசித்து வைத்திருப்பதோடு இது ஒத்துப்போகிறது' என்ற திருப்தியும் இருக்கிறது. ஆக, உங்கள் வாசகத்தில் அளவுகோலாக வருவதே புத்தரின் பட்டியலில் சந்தேகத்துக்குரியதாக வருகிறது!

சரி, பிறகு எதை வைத்து முடிவு செய்வது? பேராசையும் வெறுப்பும் மயக்கமும் தலைதூக்கும்போது மனிதன் என்னென்ன செய்கிறான், அதனால் யாருக்கு என்ன கேடு, அறிந்தோர் எதைப் பழிக்கிறார்கள் என்று நீங்களே பாருங்கள் என்கிறார். அங்கே பேச்சு நடத்தையைப் பற்றியது. அண்டத்தின் தோற்றத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கான ஆய்வுக்கூட விதி அல்ல. அந்தச் சூத்திரத்தில் எனக்குப் பிடித்த பகுதி அதன் கடைசியில் வருகிறது, அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. மறுமை இருந்தால் நல்லவனுக்கு நல்ல கதி கிடைக்கும். இல்லாவிட்டாலும் பகையும் கலக்கமும் இல்லாமல் இங்கேயே நன்றாக வாழ்ந்தாயிற்று. மறுமையை நம்பு என்று அங்கே கட்டாயப்படுத்தவில்லை, நம்பாதே என்றும் சொல்லவில்லை.

கேள்வி: பார்ப்பவர் இல்லாமல் பொருள் இல்லை என்று குவாண்டம் இயற்பியல் நிரூபித்துவிட்டதாம். இதைத்தானே பௌத்தத்தின் சூன்யக் கொள்கையும் சொல்கிறது?

பதில்: இரண்டும் வேறு. குவாண்டம் இயற்பியலில் 'அளவீடு' என்பதற்கு ஒரு மனம் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. துகள் எந்த வழியில் போனது என்று ஒரு கருவி பதிவு செய்தால் போதும், அலைகள் கலந்தாற்போல் திரையில் தெரியும் குறுக்கீட்டுக் கோலம் மறைந்துவிடும். அந்தப் பதிவை யாருமே படிக்காவிட்டாலும் அப்படித்தான். சூன்யக் கொள்கையை வகுத்த பௌத்தத் தத்துவவாதி நாகார்ச்சுனர் சொன்னது தத்துவ வாதம்: எதற்கும் தனித்து நிற்கும் தன்னியல்பு கிடையாது, எல்லாம் ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுகின்றன. அதற்கு எலக்ட்ரானின் சாட்சி தேவையில்லை. நாளைக்கு இயற்பியல் தன் விளக்கத்தை மாற்றிக்கொண்டால் நாகார்ச்சுனரையும் சேர்த்தே தூக்கிப் போடுவீர்களா?

கேள்வி: உணர்வு என்பது மூளையின் வேலைதான் என்றால் பௌத்தம் சரிந்துவிடாதா? ஆன்மா இல்லை என்று சொல்லிவிட்டு, அது எதைப் பிறவி விட்டுப் பிறவி அனுப்புகிறது?

பதில்: இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இன்னொரு பாலித் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தின் 38-வது சூத்திரத்தில் ஸாதி என்றொரு பிட்சு வருகிறார். 'இதே உணர்வுதான் மாறாமல் பிறவிதோறும் ஓடிக்கொண்டிருக்கிறது' என்பது அவர் புரிந்துகொண்டது. புத்தர் அவரைக் கூப்பிட்டு, 'மூடனே, நான் எப்போது அப்படிப் போதித்தேன்?' என்று கடிந்துகொள்கிறார். கண்ணும் உருவமும் சேர்ந்தால் கண்ணுணர்வு, காதும் ஒலியும் சேர்ந்தால் செவியுணர்வு. விறகில் எரிந்தால் விறகுத் தீ, புல்லில் எரிந்தால் புல் தீ என்பதுபோல, உணர்வுக்கு அதன் காரணத்தை வைத்தே பெயர். எனவே பயணம் போகிற ஆசாமி என்று யாரும் இல்லை, காரண காரியத் தொடர்ச்சி மட்டும்தான். இந்த விடை எல்லாருக்கும் திருப்தி தருவதில்லை. எனக்கும் பாதித் திருப்திதான்.

இனி மூளை. உணர்வு பருப்பொருளிலிருந்து பிறக்கிறது என்பது நேற்று முளைத்த கருத்தல்ல. மணிமேகலைக் காப்பியத்தில், தத்தம் சமயத்துக்காக வாதாடும் சமயக்கணக்கர்களின் வரிசையில் ஒரு பூதவாதி, அதாவது நிலம், நீர் போன்ற பூதங்களே எல்லாம் என்பவர், வருகிறார். தாதகிப் பூவையும் வெல்லக் கட்டியையும் பிறவற்றையும் சேர்த்தால் எப்படிக் கள்ளின் வெறி பிறக்கிறதோ, அப்படிப் பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றும் என்கிறார். பூவில் வெறி இல்லை, வெல்லத்திலும் இல்லை, கூட்டில்தான் வருகிறது. இன்றைக்கு ஒரு நரம்பியல் மாணவர் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியுமா? கண்ணால் கண்டதைத் தவிர வேறு எதையும் ஒப்பமாட்டேன் என்றும் அவர் சொல்கிறார். மணிமேகலை அதற்கு மடக்குகிறாள்: உன் தாய் தந்தை இவர்கள்தான் என்பதை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிவாய்? அருமையான அடி. ஆனால் கவனித்துப் பாருங்கள், அடி விழுவது 'கண்ணால் கண்டது மட்டுமே' என்ற பிடிவாதத்தின் மேல். கள்ளின் உவமை அப்படியே நிற்கிறது.

அது இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது. உணர்வுக்கான நரம்பியல் அடையாளம் 25 ஆண்டுகளில் கண்டுபிடிக்கப்படும் என்று 1998-ல் நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் கோக், தத்துவவாதி டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023-ல் கோக் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார். உடனே 'பார்த்தீர்களா, உணர்வு மூளையில் இல்லை!' என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுத்தால் உணர்வு அணைகிறது. மூளையின் ஓர் இடம் அடிபட்டால் முகங்களை அடையாளம் காணும் திறன் மட்டும் போகிறது. இதெல்லாம் மிக வலுவான சான்று. விளக்கத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது என்பதால் அதில் நமக்குப் பிடித்ததை நுழைத்துவிட முடியாது.

உணர்வு எதையாவது சார்ந்தே எழும் என்று சொல்கிற பௌத்தத்துக்கு, அது மூளையைச் சார்ந்தது என்பதால் பெரிய இடி இல்லை. மோதல் வருவது, உடல் அழிந்த பிறகும் தொடர் அறுவதில்லை என்கிற இடத்தில்தான். அதை மழுப்பக் கூடாது. ஒரு பௌத்தக் கூற்று பொய் என்று அறிவியல் உறுதியாகக் காட்டினால் அதைக் கைவிட வேண்டியதுதான் என்று தலாய் லாமா 2005-ல் வெளிவந்த தன் நூலில் எழுதினார். ஆனால் 'காணப்படவில்லை' என்பதும் 'இல்லை என்று காணப்பட்டது' என்பதும் ஒன்றல்ல என்றும் சொல்லி, மறுபிறவிக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார். கெட்டிக்காரர்.

கேள்வி: முற்பிறவி நினைவோடு பேசும் குழந்தைகளை ஓர் அமெரிக்கப் பேராசிரியர் ஆராய்ந்தாரே? அதை நம்பாமல் பௌத்தராக இருக்க முடியுமா?

பதில்: வர்ஜீனியா பல்கலைக்கழக மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சனைச் சொல்கிறீர்கள். பொறுமையான மனிதர், ஊர் ஊராகப் போய்க் குறிப்பெடுத்தவர். சிக்கல் எங்கே என்றால், பெரும்பாலான சம்பவங்களில் குழந்தையின் குடும்பமும் 'முற்பிறவிக் குடும்பமும்' சந்தித்துப் பேசி முடித்த பிறகுதான் ஆய்வாளர் உள்ளே வருகிறார். குழந்தை முதலில் சொன்னது எது, பெரியவர்கள் கேட்டுக் கேட்டு ஒட்டவைத்தது எது என்று அதற்கப்புறம் பிரிப்பது கடினம். முன்கூட்டியே எழுதிவைத்த வாக்குமூலங்கள் மிகக் குறைவு. கேள்வியை உயிரோடு வைக்க இவை போதும், முடிவு கட்டப் போதாது.

இரண்டாவது கேள்விக்கு: முடியும். 1956-ல் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவிய அம்பேத்கர், ஆன்மாவின் மறுபிறவியை மறுத்தார். உடலின் பூதங்கள் இயற்கையோடு கலந்து மீண்டும் உருவாகின்றன என்றே விளக்கினார். பாலி நூல்களைப் பின்பற்றும் தேரவாதப் பிட்சுகள் பலர் இதை ஏற்கமாட்டார்கள். சண்டை தொடரட்டும்.

கேள்வி: எட்டு வாரம் தியானம் செய்தால் மூளையே மாறிவிடும் என்கிறார்களே?

பதில்: 2011-ல் வந்த புகழ்பெற்ற ஆய்வில் பயிற்சி எடுத்தவர்கள் 16 பேர். மூளையில் நரம்பணுக்கள் செறிந்த சாம்பல் பொருளின் அடர்த்தி கூடியதாகச் சொன்னார்கள், செய்தி உலகம் சுற்றியது. 2022-ல் 200 பேருக்கு மேல் வைத்து, ஒப்பிடுவதற்கான கட்டுப்பாட்டுக் குழுக்களோடு அதையே சோதித்தபோது அமைப்பு மாற்றம் எதுவும் தென்படவில்லை. இதைச் செய்தது தியானத்துக்கு எதிரிகள் அல்ல, தியான ஆய்வின் முன்னோடி ரிச்சர்ட் டேவிட்சனின் குழுவே. அவர்களின் 2004 ஆய்வில் அனுபவமிக்க துறவிகளிடம் காமா அலைகள் எனப்படும் வேகமான மூளை மின்னலைகள் வலுவாகப் பதிவாயின என்பது உண்மை. ஆனால் அந்தத் துறவிகள் 8 பேர், பத்தாயிரம் மணி நேரத்துக்குக் குறையாமல் உட்கார்ந்தவர்கள். அவர்களின் மூளைப் படத்தைக் காட்டி உங்களிடம் செயலி விற்பவரை நம்ப வேண்டாம்.

பதற்றமும் மனச்சோர்வும் ஓரளவு குறைகின்றன என்பதற்கு நல்ல சான்று உண்டு. 2014-ல் 47 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் அதைத்தான் சொன்னார்கள். மருந்தையோ உடற்பயிற்சியையோ விட மேலானது என்பதற்குச் சான்றில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்கள்.

கேள்வி: இறந்த பிறகும் சில திபெத்தியத் துறவிகள் நாள்கணக்கில் தியானத்தில் இருக்கிறார்களாமே?

பதில்: துக்தம் என்பார்கள். அந்த உடல்களில் மூளை அலைகளை அளந்து 2021-ல் ஆய்வு வெளியிட்டார்கள். எந்த அலையும் இல்லை. அளவீடு தொடங்கும்போது மரணம் நடந்து ஒரு நாளாவது கடந்திருந்தது, அதனால் முதல் சில மணி நேரம் பற்றி இது ஒன்றும் சொல்லாது.

கேள்வி: பத்து நாள் மௌன முகாமுக்குப் போய் வந்ததிலிருந்து தூக்கம் இல்லை. திடீர் திடீரென்று பயம் வருகிறது, என் உடம்பே எனக்கு அந்நியமாகத் தெரிகிறது. 'அது முன்னேற்றத்தின் அறிகுறி, விடாமல் உட்காருங்கள்' என்கிறார் ஆசிரியர்.

பதில்: உட்காராதீர்கள். பயிற்சியின் நடுவே அச்சம் எழும் கட்டங்களைப் பழைய நூல்களும் சொல்கின்றன, உண்மைதான். ஆனால் உங்களுக்கு நடப்பது அதுதான் என்று தூரத்திலிருந்து யாராலும் சொல்ல முடியாது, உங்கள் ஆசிரியர் உட்பட. தியானத்தால் தூக்கமின்மை, பீதி, தன்னிலிருந்து விலகிய உணர்வு வருவது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. இப்போதைக்குத் தியானத்தை முழுவதுமாக நிறுத்துங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், நன்றாக நடங்கள், மனதுக்கு நெருங்கியவர்களோடு பேசிக்கொண்டிருங்கள். முகாமுக்குப் போனதை மறைக்காமல் சொல்லி, இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே ஏதாவது மருந்து எடுத்துவந்து முகாமுக்காக நிறுத்தியிருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.