வாட்ச் இருக்கட்டும், அந்த நான்காவது தவணையைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 41. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதால் தினமும் நடக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். சாதாரண ஃபிட்னஸ் பேண்ட் போதுமா, ஸ்மார்ட்வாட்ச் வாங்குவதா? வாட்சின் விலை என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. பேண்ட் அதில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் வாட்சை 18 மாதத் தவணையில் எடுத்தால் மாதம் சம்பளத்தில் 3 சதவீதம்தானே போகும்? போன், லேப்டாப், டிவி தவணைகளுக்கு ஏற்கெனவே 12 சதவீதம் போகிறது. சேமிப்பு 5 சதவீதம். என் கார்டில் சலுகை இருப்பதால் தனக்கும் சேர்த்து ஒரு வாட்ச் எடுக்கச் சொல்கிறார் மச்சான். மாதாமாதம் பணம் தந்துவிடுவாராம். அது சர்க்கரையைக்கூடக் காட்டும் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: பேண்ட் வாங்குங்கள். ரொக்கமாக வாங்குங்கள்.

தவணைக்கு வட்டி உண்டு, கட்டணம் உண்டு என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை நான் சொல்ல வேண்டியதில்லை. என்னைக் கவலைப்பட வைத்தது "3 சதவீதம்தானே" என்று நீங்கள் கேட்ட விதம். போன் வாங்கும்போதும், லேப்டாப் வாங்கும்போதும் இப்படித்தான் கேட்டிருப்பீர்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்னத் தொகை, அதனால்தான் மூன்று சேர்ந்துவிட்டன.

மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 12 தவணை என்றால் வருடத்துக்கு 144. கிட்டத்தட்ட ஒன்றரை மாதச் சம்பளம். வாட்சும் சேர்ந்தால் மாதம் 15, வருடத்துக்கு 180. பன்னிரண்டு மாதம் உழைத்து ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளத்தைப் பொருட்களுக்கே கட்டுகிறீர்கள்.

இப்போது சேமிப்புப் பக்கம் வாருங்கள். அவசரத்துக்கு மூன்று மாதச் சம்பளமாவது கையில் இருக்க வேண்டும், அதாவது 300. மாதம் 5 வீதம் சேர்த்தால் அதற்கு 60 மாதம், முழுசாக ஐந்து வருடம். தவணைகள் முடிந்து அந்த 12 சதவீதமும் சேமிப்புக்கு வந்தால் மாதம் 17, ஒன்றரை வருடத்தில் வேலை முடிந்துவிடும். ஒரு தவணை முடிவதற்குள் இன்னொன்றைத் தொடங்கும் பழக்கம்தான் உங்களுக்கும் அந்தப் பணத்துக்கும் நடுவே நிற்கிறது.

வாட்சின் கணக்கையும் போட்டுவிடுவோம். 18 மாதம், மாதம் 3 என்றால் 54. ரொக்க விலை 50. மிச்சமாகக் கட்டும் அந்த 4-க்கு இன்னும் 1 சேர்த்தால் நீங்கள் சொன்ன பேண்டே வந்துவிடும். அப்புறம் பேட்டரி. வண்ணத் திரை, ஜிபிஎஸ், அழைப்பு எல்லாம் ஓடும் வாட்சைப் பெரும்பாலும் தினமும் இரவில் சார்ஜ் போட வேண்டியிருக்கும், வருடத்தில் முன்னூறு தடவைக்கு மேல். பேண்டுக்கு வாரம் ஒரு தடவை என்றாலும் ஐம்பதைச் சுற்றித்தான். லித்தியம் பேட்டரி ஒவ்வொரு சார்ஜுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். கடைசித் தவணை கட்டும்போது வாட்ச் சாயங்காலமே சார்ஜ் கேட்க ஆரம்பித்திருக்கலாம்.

உங்களுக்கு வேண்டியது எத்தனை அடி நடந்தோம், எவ்வளவு நேரம் நடந்தோம் என்பதுதான். அதற்குப் பேண்டில் உள்ள அசைவு உணரியே போதும். வாங்கும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: பழைய நாட்களின் கணக்கைப் பார்க்க ஆப்பில் மாதச் சந்தா கேட்கிறதா? கேட்டால் அந்தப் பேண்ட் வேண்டாம், அதுவும் ஒரு தவணைதான். பேண்ட் கட்டினால் எடை தானாகக் குறையும் என்றும் நம்பிவிடாதீர்கள். 2016-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வில் 471 பேரை இரண்டு வருடம் கவனித்தார்கள். கருவி கட்டியவர்கள் சராசரியாக 3.5 கிலோ குறைந்தார்கள், கட்டாதவர்கள் 5.9 கிலோ.

சர்க்கரை விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். தோலில் ஊசி படாமல் தானாகச் சர்க்கரையை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ ஆபத்து. டாக்டர் சொன்ன ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

இதயத் துடிப்பில் கோளாறு இருந்து, ஈசிஜி பார்க்கும் வாட்ச் வேண்டும் என்று டாக்டரே சொன்னால் பேச்சு வேறு. அப்போதும் பணம் சேர்த்து வாங்குங்கள்.

மச்சானுக்கு உங்கள் கார்டைத் தராதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும், ஒரு மாதம் அவருக்குக் கை இறுக்கம் வந்தால் கெடு தேதியில் கட்ட வேண்டியவர் நீங்கள். தாமதக் கட்டணமும் உங்கள் பெயரில்தான் விழும். அவரிடம் போய்க் கேட்கவும் சங்கடம், கேட்காமல் இருக்கவும் முடியாது. "மூன்று தவணை ஓடுகிறது, முடியும்வரை கார்டைத் தொடுவதில்லை" என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

மூன்றில் எந்தத் தவணை முதலில் முடிகிறது என்று இன்றைக்கே பாருங்கள். அது முடிந்த அடுத்த மாதம், அதே தேதியில், அதே தொகை வங்கிக் கணக்கிலிருந்து தொடர் வைப்புக்குத் தானாகப் போகும்படி இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.