தம்பிக்கு மறதி, கோபம்: பயப்பட வேண்டுமா?

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. மனச்சிதைவு நோய்க்கு நான்கு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறான். காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் சொன்னது எதுவும் நினைவில் நிற்பதில்லை, திரும்பத் திரும்பச் சொன்னால் கத்துகிறான், போன வாரம் டம்ளரைத் தூக்கி எறிந்தான். மூளைத்திறன் குறைந்தால் வன்முறை வரும் என்று படித்தேன். உண்மையா?

பதில்: முதலில் மறதி. கவனம், நினைவு, ஒரு வேலையைத் திட்டமிட்டு முடிப்பது, எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து அவர் மனநிலையைப் புரிந்துகொள்வது, இதெல்லாம் தடுமாறுவது இந்த நோயின் ஒரு பகுதிதான். பலருக்குக் குரல் கேட்பதற்கு முன்பே தொடங்கிவிடும், குரலை அடக்கும் மாத்திரை இதைப் பெரிதாகச் சரிசெய்யாது. அதனால் அவரைச் சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கை நடுக்கத்துக்கு ட்ரைஹெக்ஸிஃபெனிடில் என்ற மாத்திரை கொடுத்திருந்தால் அதுவும் நினைவை மங்கச் செய்யும், இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். மூளைத்திறன் குறைவுக்கும் வன்முறைக்கும் சில ஆய்வுகளில் தொடர்பு தெரிகிறது, ஆனால் ஒருவர் மறக்கிறார் என்பதை வைத்து அடிப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை, சொல்லப்போனால் மற்றவர்களிடம் அடிபடுகிறவர்களாகத்தான் அதிகம் இருக்கிறார்கள். ஆபத்தை நிஜமாகவே கூட்டுவது குடி, கஞ்சா, மருந்தை விட்டுவிடுவது, முன்பே யாரையாவது தாக்கியிருப்பது, அப்புறம் 'அக்கா எனக்கு விஷம் வைக்கிறாள்' என்பதுபோல் ஒருவர்மேல் கோபத்தோடு வரும் சந்தேகம். இதில் ஏதாவது தெரிந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காதீர்கள். மிரட்டினால் வாதாடாமல் அறையை விட்டு வெளியே வந்து உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். தாக்குதல் தொடர்ந்தால் க்ளோசபைன் என்ற மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம், ரத்தப் பரிசோதனையோடுதான் தருவார்கள், ஆனால் மூர்க்கத்தைக் குறைப்பதில் அதற்கு நல்ல பெயர் உண்டு.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது: ஒரே மூச்சில் மூன்று வேலை சொல்கிறீர்கள், அவர் இரண்டாவதிலேயே தொலைந்துபோகிறார், உங்கள் குரல் உயர்கிறது, அதை அவர் அவமானமாக எடுத்துக்கொள்கிறார். ஒரு நேரத்தில் ஒன்றைச் சொல்லுங்கள், சுவரில் எழுதி ஒட்டுங்கள், ஃபோனில் அலாரம் வையுங்கள். நினைவுக்கும் கவனத்துக்குமான பயிற்சி சிகிச்சை இருக்கிறது, ஏதாவது ஒரு வேலையோடு சேர்த்துச் செய்யும்போது நன்றாகப் பலன் தருகிறது.

டம்ளர் விஷயத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அந்த நேரத்தில் மனதில் என்ன ஓடியது என்று, தம்பி அமைதியாக இருக்கும்போது அவரிடமே கேட்டு, அந்தப் பதிலையும் கொண்டுபோங்கள்.