மூன்று மணிக்கு மதுரையில் நிற்க வேண்டுமாம்: மீன் வண்டியின் வேகத்துக்கு யார் பொறுப்பு?

கேள்வி: தங்கச்சிமடத்தில் மீன் வியாபாரம் செய்கிறேன் ஐயா. 2019-இல் வாங்கிய பொலேரோ பிக்கப் என் பெயரில் இருக்கிறது. அக்கா மகன் மாதச் சம்பளத்துக்கு ஓட்டுகிறான். லோடு ஏற்றி முடிக்க இரவு பன்னிரண்டரை ஆகிவிடும். மூன்று மணிக்கெல்லாம் மதுரை மார்க்கெட்டில் வண்டி நிற்க வேண்டும் என்கிறார் அங்கே சரக்கு எடுக்கிற வியாபாரி. பிந்தினால் விலையைக் குறைத்துவிடுகிறார். போன மாதம் 60 என்று பலகை வைத்த இடத்தில் 104-இல் போனதாகக் கேமரா பிடித்து என் போனுக்கு அபராதம் வந்தது. "ஃபைனைக் கட்டிட்டா முடிஞ்சுது சித்தி" என்கிறான். எனக்கு மனசு ஆறவில்லை. ஏதாவது ஆகிவிட்டால் அவனுக்கு என்ன வரும், எனக்கு என்ன வரும்? வண்டியை அவன் பெயருக்கே மாற்றிவிடலாமா?

பதில்: அம்மா, உங்கள் மனசு ஆறாததற்கு நியாயம் இருக்கிறது. ஃபைன் கட்டினால் முடியவில்லை. விபத்து வழக்குகளே என் தொழில் என்பதால், அந்த 104 என்ற எண் எங்கெல்லாம் போய் நிற்கும் என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் வண்டி 104-இல் எப்படிப் போனது? 2015 அக்டோபருக்குப் பிறகு தயாரான சரக்கு வண்டிகளில் 80-க்கு மேல் விடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்க வேண்டும். உங்களுடையது 2019 வண்டி. கேமரா காட்டியது சரியென்றால், யாரோ அந்தக் கருவியின் இணைப்பைப் பிடுங்கியிருக்கிறார்கள். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குப் போகிற அன்று மாட்டிவிட்டு மறுநாள் கழற்றுகிற பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. வண்டியின் அமைப்பை அனுமதியில்லாமல் மாற்றினால் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம். உரிமையாளர் நீங்கள். இந்த வாரமே மெக்கானிக்கிடம் காட்டி, கருவியை மறுபடி இணைத்து, பில் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அபராதம். அளவு மீறிய வேகத்துக்கான 183-ஆம் பிரிவில் இலகு ரக வண்டிக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை, நடுத்தர, கனரக வண்டிகளுக்கு 2,000 முதல் 4,000 வரை. இதைப் பார்த்துத்தான் தம்பி "முடிஞ்சுது" என்கிறான். பணம் சிறியதுதான். ஆபத்து அவனுடைய லைசென்ஸில் இருக்கிறது. வேகத்துக்காக லைசென்ஸைப் பறிமுதல் செய்து, உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு அனுப்பக் காவல்துறைக்கு அதிகாரம் உண்டு. அங்கே அவனை விசாரித்துவிட்டு முதல் தடவை மூன்று மாதம் தகுதிநீக்கம் செய்யலாம். அடுத்த தடவை லைசென்ஸையே ரத்து செய்யலாம். நான் பார்க்கிற வழக்குகளில் குடும்பம் நொறுங்குவது பெரும்பாலும் இந்த மூன்று மாதத்தில்தான். ஜூன் 14-இல் தடைக்காலம் முடிந்து, விசைப்படகுகள் இறங்கி, கரையில் சரக்கு குவிகிற நேரமாக இருக்கும். மாற்று டிரைவர் கிடைக்க மாட்டார். "ராத்திரிதானே, யார் பார்க்கப்போறா" என்று அவனே வண்டியை எடுப்பான். அந்த நிலையில் ஒரு விபத்து நடந்தால் கணக்கே மாறிவிடும்.

எப்படி என்று சொல்கிறேன். வேகமாக ஓட்டினான் என்ற ஒரே காரணத்துக்காக, அடிபட்டவருக்குப் பணம் தர முடியாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க முடியாது. சில ஏஜென்டுகள் அப்படிப் பயமுறுத்துவார்கள், நம்ப வேண்டாம். ஆனால் தகுதிநீக்கம் செய்யப்பட்டவர் ஓட்டியிருந்தால் கம்பெனிக்குத் தப்பிக்க வழி கிடைக்கிறது. விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரிக்கிற தீர்ப்பாயம் பெரும்பாலும், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிடும். உச்சிப்புளியில் சைக்கிளில் வந்த, மாதம் 15,000 சம்பாதிக்கிற, மனைவியும் ஒரு பிள்ளையும் உள்ள 28 வயதுக்காரர் இறந்துபோனார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 1,80,000. எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 2,52,000. அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 1,68,000. அந்த வயதுக்குரிய பெருக்கு எண் 17. ஆக 28,56,000 ரூபாய். இறுதிச் சடங்கு போன்ற மற்ற இனங்கள் தனி, வட்டியும் தனி. உச்ச நீதிமன்றம் 2009-இலும் 2017-இலும் வகுத்த முறை இது. இந்தத் தொகைக்கு உங்கள் வீட்டுப் பத்திரம் தாங்குமா என்று பாருங்கள்.

தம்பிக்கு வருவது வேறு. ஆபத்தான முறையில் ஓட்டுதல் என்று 184-ஆம் பிரிவில் வழக்குப் போட்டால் ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். இதற்கு யாரும் அடிபட வேண்டும் என்பதில்லை. உயிர் போனால் 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு: ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும். பழைய தண்டனைச் சட்டத்தில் இது இரண்டு ஆண்டாக இருந்தது. "முன்ன ஒருத்தர் ஆறு மாசத்துல வந்துட்டாரு" என்ற பேச்சு இனி உதவாது. கொடுங்காயத்துக்கு மூன்று ஆண்டு வரை. சாவு நேரும் என்று தெரிந்தே ஓட்டினான் என்று அரசுத் தரப்பு நிறுவினால், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகவும் போகலாம். ஏற்கெனவே 104-க்கு ஒரு ரசீது இருக்கிறது என்பது அப்போது அவனுக்கு உதவவா போகிறது?

அவனுக்கே ஏதாவது ஆனால் என்ன என்றும் யோசியுங்கள். தன் அலட்சியமான ஓட்டத்தால் தானே இறந்துபோனவரின் குடும்பம் விபத்து இழப்பீடு கேட்க முடியாது என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. அவன் உங்களிடம் சம்பளத்துக்கு ஓட்டுவதால் தொழிலாளர் இழப்பீடாகக் கேட்க வழி உண்டு. உங்கள் பாலிசியில் சம்பள ஓட்டுநருக்கான பொறுப்பு சேர்ந்திருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். மீன் பெட்டிகளுக்கு மேல் கூலியாட்களை உட்காரவைத்துக் கூட்டிப்போகிற வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். சரக்கு வண்டியில் சும்மா ஏறிவருகிறவர்களுக்கு இன்சூரன்ஸ் கிடையாது.

இப்போது அந்த மூன்று மணி. உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். தங்கச்சிமடத்திலிருந்து மதுரைக்குச் சுமார் 165 கிலோமீட்டர். பன்னிரண்டரைக்குக் கிளம்பி மூன்றுக்குச் சேர வேண்டுமென்றால் எங்கும் நிற்காமல் சராசரி 66. பாம்பன் பாலம், மண்டபம், உச்சிப்புளி, ராமநாதபுரம் ஊருக்குள் எல்லாம் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். அந்தச் சராசரியை எட்ட, வெறும் ரோட்டில் 90, 100 என்று போகாமல் முடியாது. சட்டம் இதை முன்பே யோசித்திருக்கிறது. தன் ஊழியரை வேகமாக ஓட்டவைப்பவரும் ஓட்டியவரைப் போலவே 183-ஆம் பிரிவில் குற்றவாளி. வேக வரம்பை மீறாமல் சேர முடியாத ஒரு நேரத்தைக் குறித்துக் கொடுத்திருந்தால், அந்த உத்தரவே அவருக்கு எதிரான முதல்நிலைச் சாட்சியம் (மறுத்து நிறுவும்வரை போதுமான சாட்சியம்) என்று அந்தப் பிரிவு சொல்கிறது. வியாபாரி சொன்னதை நீங்கள் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் "மூணுக்குள்ள போயிடு" என்று அனுப்பியிருந்தால், உத்தரவு கொடுத்தவர் நீங்கள்தான். போகலூரிலும் திருப்பாச்சேத்தியிலும் சுங்கச்சாவடியைக் கடந்த நேரம் ஃபாஸ்டேக்கில் பதிவாகியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் எத்தனை நிமிடம் என்று பார்த்தால் கேமரா இல்லாமலே சராசரி வேகம் தெரிந்துவிடும்.

வேகத்தால் மிச்சமாவது என்ன? 20 கிலோமீட்டரை 60-இல் போனால் 20 நிமிடம், 100-இல் போனால் 12 நிமிடம். எட்டு நிமிடம். ஐஸ் சரியாகப் போட்ட சாளையும் நண்டும் எட்டு நிமிடத்தில் கெடாது.

அந்த எட்டு நிமிடத்துக்கு ரோட்டில் என்ன விலை என்பதைத் தம்பியிடம் இப்படிச் சொல்லுங்கள். எதிரே ஆடு நிற்பதைக் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி ஆகும். 60-இல் அதற்குள் 25 மீட்டர் போய்விடும். காய்ந்த நல்ல ரோட்டில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 20. மொத்தம் 45 மீட்டர். 100-இல் கால் பிரேக்கைத் தொடுவதற்கே 42 மீட்டர் ஓடியிருக்கும், நிற்க 98 மீட்டர் ஆகும். 60-இல் வந்த வண்டி நின்றுவிட்ட அதே இடத்தை, 100-இல் வந்த வண்டி 95-க்குக் குறையாத வேகத்தில் கடக்கும். நான் சொன்னது லோடு இல்லாத வண்டியின் கணக்கு. பெட்டி நிறைய மீனும் ஐஸுமாக இருந்தால் தூரம் கூடும். டிம் லைட்டில் ஐம்பது, அறுபது மீட்டருக்கு அப்பால் கறுப்புச் சட்டைக்காரர் தெரியவே மாட்டார்.

நம் பக்கத்து ரோடு இதை இன்னும் மோசமாக்கும். மீன் வண்டிகளிலிருந்து வழிகிற ஐஸ் தண்ணீர் பாம்பன் பாலத்தில் வழுக்கும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் கூண்டு கட்டிய வண்டியைப் பாலத்தின் மேல் பக்கவாட்டில் தள்ளும். 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம் திறந்ததிலிருந்து அதைப் படம் எடுக்க நிற்கிறவர்களையும் எதிர்பார்த்துத்தான் போக வேண்டும். தனுஷ்கோடிப் பக்கம் சரக்கு எடுக்கப் போனால் அரிச்சல்முனை ரோட்டில் மணல் ஏறிக் கிடக்கும். அதன்மேல் பிரேக் பிடித்தால் டயருக்குப் பிடிமானமே இருக்காது. ஊருக்கு வெளியே சீமைக்கருவேலம் ரோட்டோரம்வரை வளர்ந்திருக்கிறது. அதற்குள்ளிருந்து மாடோ பிள்ளையோ வெளியே வந்த பிறகுதான் கண்ணில் படும்.

இவற்றைவிட எனக்குப் பயம் திரும்பி வருகிற பயணம். லோடு இறக்கிய வண்டி, விடியற்காலை, தூக்கம் கண்ணைச் சுற்றும். மதுரையிலிருந்து பரமக்குடிவரை நான்கு வழிச் சாலையில் 80-இல் வந்து பழகிய கண்ணுக்கு, அதன் பிறகு வருகிற இருவழிச் சாலையில் 80 மெதுவாகத் தெரியும். பரமக்குடி – ராமநாதபுரம் பகுதியையும் நான்கு வழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. பணி முடியும்வரை பரமக்குடியில் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, முகம் கழுவி, டீ குடித்துவிட்டுத்தான் மேலே வர வேண்டும் என்று கறாராகச் சொல்லுங்கள். அந்த அரைமணிக்குச் சம்பளம் கொடுங்கள்.

ஆக, நேரத்தை ரோட்டில் தேடாதீர்கள், கரையில் தேடுங்கள். லோடு பதினொன்றேகாலுக்கு முடிந்தால் மூன்றுக்கு மதுரை நிதானமாகவே வரும். எடை போட, பெட்டி அடுக்க ஓர் ஆள் கூடுதலாகப் போட்டால் ஆகிற கூலி எவ்வளவு, வியாபாரி குறைக்கிற விலை எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். முடியாத நாளில் வியாபாரிக்கு முன்கூட்டியே செய்தி அனுப்புங்கள்: "இன்று வண்டி நாலு மணிக்கு மேல்தான் வரும், டிரைவரை வேகமாகப் போகச் சொல்லவில்லை." அதே செய்தியைத் தம்பிக்கும் அனுப்புங்கள். வழக்கு என்று வந்தால் அது உங்கள் பக்கம் பேசும். மீனுக்கு எடை அளவுக்கு ஐஸ் போடுங்கள், அப்போது தாமதத்தைக் காட்டி விலை குறைக்க வியாபாரிக்குச் சாக்கு குறையும்.

வந்திருக்கிற அபராதத்தைக் கிடப்பில் போடாதீர்கள். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் படத்துடன் இருக்கும். அன்று அந்த இடத்தில் வண்டி இல்லை, எண் தவறு என்றால் மறுத்து எழுதலாம். இல்லையென்றால் கட்டிவிட்டு ரசீதை வையுங்கள். தம்பியின் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை அதே தளத்தில் நீங்களே பாருங்கள். தகுதிநீக்கம் வந்தால் மூன்று மாதமும் வேறு டிரைவர்தான். சொந்தப் பிள்ளை என்று இரக்கப்பட்டுச் சாவியைக் கொடுத்தால் இருவருமே சிக்குவீர்கள்.

கடவுள் காக்கட்டும், விபத்து நடந்துவிட்டால் 108-க்குப் பேசி, அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 முதல் இருக்கிறது, செலவுக்குப் பயந்து ஓட வேண்டாம். கூட்டம் அடிக்கும் என்ற நிலை வந்தால் இடத்தைவிட்டு விலகச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் விலகிய வண்டி நேரே அருகிலுள்ள காவல் நிலையத்தில் போய் நிற்க வேண்டும்.

கடைசியாக, பெயர் மாற்றம். நடந்து முடிந்தவற்றுக்கு அது உங்களை விடுவிக்காது. இனி வருவதற்கு மட்டும் உதவும், அதுவும் முறைப்படி செய்தால்தான். வீட்டுக்குள் பேசி முடித்து வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டால் பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம்தான் தீர்ப்பாயம் கேட்கும். ஃபாரம் 29, 30 இரண்டையும் நிரப்பி, 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து, அதே 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் அவன் பெயருக்கு மாற்றக் கம்பெனிக்கு எழுத வேண்டும். வண்டிமேல் கடன் பாக்கி இருந்தால் நிதி நிறுவனத்தின் சம்மதக் கடிதம் முதலில் தேவை. பதிவுப் புத்தகத்தில் புதுப் பெயர் ஏறியதைக் கண்ணால் பார்க்கும்வரை அவன் ஓட்டுகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் உங்கள் பெயரில்தான்.