கணினி கேள்வி-பதில்: வீட்டு வீடியோ டிவிடி எல்லாப் பிளேயரிலும் ஓட

கேள்வி: எங்கள் திருமண விஎச்எஸ் கேசட்டைக் கணினியில் ஏற்றி, அதிலிருந்து டிவிடி தயாரித்து உறவினர்களுக்குக் கொடுத்தேன். எங்கள் கணினியில் நன்றாக ஓடும் அதே தட்டு, அத்தை வீட்டுப் பிளேயரில் ‘நோ டிஸ்க்’ என்று காட்டுகிறது. சித்தப்பா வீட்டில் கடைசி அரை மணி நேரம் திக்கித் திக்கி ஓடி நின்றுவிடுகிறது. எழுதுவதற்கு முன் கோப்புறையை எப்படித் தயார் செய்ய வேண்டும்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: கணினியில் ஓடுவதை மட்டும் வைத்துத் தட்டு சரியாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. விஎல்சி போன்ற மென்பொருள்கள் எந்தக் கோப்பையும் எப்படியாவது திறந்து காட்டிவிடும். டிவிடி பிளேயரோ தட்டின் மூல அடைவில் ‘வீடியோ_டிஎஸ்’ (VIDEO_TS) என்ற கோப்புறையைத் தேடி, அதிலுள்ள ‘வீடியோ_டிஎஸ்.ஐஎஃப்ஓ’ (VIDEO_TS.IFO) என்ற கோப்பைப் படித்து, படம் தட்டின் எந்த செக்டாரில் (சிறு பகுதியில்) தொடங்குகிறது என்று அதில் எழுதியிருக்கும் முகவரியைப் பின்பற்றியே செல்கிறது. அந்த முகவரி பிசகினால், படம் தட்டில் முழுமையாக இருந்தாலும் பிளேயரால் அதைக் கண்டுபிடிக்க இயலாது. ஆகவே தட்டு நன்றாக ஓடுமா என்பது பெரும்பாலும் எழுதும் நேரத்தில் அல்ல, அதற்கு முன் கோப்புறையிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

எம்பி4 கோப்பை அப்படியே தட்டில் போட்டால் பழைய பிளேயர்கள் அதை ஏற்காது. டிவிடிஸ்டைலர் போன்ற இலவச மென்பொருளில் கொடுத்து, எம்பெக்-2 வடிவில், நம் நாட்டு ‘பால்’ (PAL) தொலைக்காட்சி முறைக்கு உரிய 720×576 அளவிலும் நொடிக்கு 25 ஃபிரேம் வேகத்திலும், ஒலியை 48,000 ஹெர்ட்ஸிலும் அமைத்து, டிவிடி கோப்புறையாக வன்தட்டில் சேமியுங்கள். அதில் ஐஎஃப்ஓ, அதன் நகலான பியூபி, படத்தைத் தாங்கும் விஓபி என்று மூன்று வகைக் கோப்புகள் இருக்கும். விஓபி கோப்பு ஒவ்வொன்றும் 1 ஜிபியைத் தாண்டாமல் துண்டு துண்டாக இருப்பது இயல்பே. அவற்றை ஒன்றாக இணைக்கவோ, பெயர் மாற்றவோ, வேண்டாத துண்டு என்று நீக்கவோ கூடாது. கோப்புகளின் பெயர்கள் ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலேயே இருக்கட்டும்.

பலரும் செய்யும் ஒரு காரியத்தை இங்கே குறிப்பிட்டே ஆக வேண்டும். நிச்சயதார்த்தத்துக்கு ஒரு கோப்புறை, திருமணத்துக்கு ஒரு கோப்புறை என்று தனித்தனியாகத் தயாரித்துவிட்டு, இரண்டாவதன் கோப்புகளுக்கு எண்ணை மாற்றி முதலாவதற்குள் நகலெடுத்துப் போடுகிறார்கள். புதிதாக வந்த படத்தைப் பற்றி ஐஎஃப்ஓ கோப்பில் ஒரு தகவலும் இராது என்பதால் பிளேயர் அதைச் சீண்டாது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க விரும்பினால், மென்பொருளில் இரு படங்களையும் சேர்த்துக் கொடுத்துப் புதிதாகத் தயாரிப்பதே வழி.

‘ஆடியோ_டிஎஸ்’ (AUDIO_TS) என்ற வெறும் கோப்புறையையும் பக்கத்தில் உருவாக்கி வையுங்கள். வீடியோ டிவிடியில் அதற்கு வேலை இல்லை. ஆனாலும் அது இல்லாத தட்டை ஏற்க மறுக்கும் பழைய பிளேயர்கள் உண்டு.

சித்தப்பா வீட்டுச் சிக்கல் வேறு வகையைச் சேர்ந்தது. தட்டின் உறையில் 4.7 ஜிபி என்று இருந்தாலும், விண்டோஸ் கணக்கில் அது சுமார் 4.37 ஜிபிதான். தட்டு உள்ளிருந்து வெளிநோக்கி எழுதப்படுவதால், விளிம்பு வரை நிரப்பினால் படத்தின் கடைசிப் பகுதி, பழுது அதிகம் நேரும் வெளிவிளிம்பில் போய் விழுகிறது. கோப்புறையை 4.2 ஜிபிக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. இரண்டு மணி நேரப் படம் என்றால், ஒலியையும் சேர்த்துத் தரவு வேகத்தை (பிட்ரேட்) நொடிக்கு 5 மெகாபிட்டுக்குச் சற்றுக் குறைவாக வைத்தால் இந்த அளவுக்குள் அடங்கும். ஒரு மணி நேரப் படத்துக்கு இடம் தாராளமாக இருக்கிறதே என்று 9.8 மெகாபிட் என்ற உச்ச வரம்பைத் தொட வேண்டாம். வீட்டில் எழுதிய தட்டை அந்த வேகத்தில் படிக்கப் பல பிளேயர்கள் திணறுகின்றன. எட்டுக்குள் நிற்பதே பாதுகாப்பு.

எழுதும்போது கோப்புறையைச் சாதாரண டேட்டா தட்டாக இழுத்துப் போடாமல், டிவிடி வீடியோ என்ற தெரிவையே எடுங்கள். அப்போதுதான் டிவிடி பிளேயர்களுக்கு உரிய யுடிஎஃப் 1.02 என்ற கோப்பு அமைப்பு முறையில், கோப்புகள் உரிய வரிசையில் தட்டில் அமையும். ஐஎஃப்ஓவும் அதன் நகலும் ஒரே 32 கேபி தொகுதிக்குள் அடுத்தடுத்து வந்துவிட்டால் ஒரு கீறலே இரண்டையும் அழித்துவிடும்; இம்ஜ்பர்ன் போன்ற மென்பொருள் இவற்றைத் தள்ளி வைத்து எழுதுகிறது. எழுதி முடித்த தட்டை மற்றப் பிளேயர்களும் படிக்கும்படி மூடி முடிக்கும் ‘ஃபைனலைஸ்’ வேலை ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அத்தை வீட்டில் வந்த ‘நோ டிஸ்க்’ அறிவிப்புக்கு இது விடுபட்டதே முதல் சந்தேகம்.

கேள்வி: எந்தத் தட்டை வாங்குவது, எந்த வேகத்தில் எழுதுவது?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: பழைய பிளேயருக்கு டிவிடி மைனஸ் ஆர் ஏற்றது. பிளஸ் ஆர் தட்டுதான் கையில் இருக்கிறது என்றால், உங்கள் டிரைவ் அனுமதிக்கும்பட்சத்தில், எழுதும் முன் அதன் புக் டைப்பை, அதாவது இது எந்த வகைத் தட்டு என்று பிளேயருக்குச் சொல்லும் குறிப்பை, ‘டிவிடி ரோம்’ என்று மாற்றிவிடுங்கள். திரும்பத் திரும்ப எழுதக்கூடிய ஆர்டபிள்யூ தட்டு குறைவாகவே ஒளியைத் திருப்புவதால் சோதனைக்கு மட்டும் போதும். 16 எக்ஸ் தட்டை 8 எக்ஸ் வேகத்தில் எழுதி, முடிந்ததும் வெரிஃபை செய்து, எழுதியது மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று சரிபாருங்கள். மேலே காகித ஸ்டிக்கர் ஒட்டினால் தட்டின் சமநிலை கெட்டுச் சுழற்சி ஆடும். பெயரை நடுவளையத்தில் எழுதினால் போதும்.

கேள்வி: மூன்று மணி நேர நிகழ்ச்சியை 8.5 ஜிபி இரட்டை அடுக்குத் தட்டில் எழுதலாமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: எழுதலாம், ஆனால் முதல் அடுக்கு முடிந்து இரண்டாம் அடுக்கு தொடங்கும் இடத்தில் பிளேயர்கள் தடுமாறுவதை நிறையவே காண முடிகிறது. உறவினர்களுக்குக் கொடுப்பதற்கு, நிகழ்ச்சியை இயல்பான ஓர் இடைவெளியில் பிரித்து, இரண்டு ஒற்றை அடுக்குத் தட்டுகளாகத் தயாரியுங்கள்.